நைனாவை யார் அறுப்பது?

போன மாதம் ஒரு தவளையைக் கொல்ல வேண்டியிருந்தது.

அதிர்ச்சியடைய வேண்டாம். நல்ல காரியத்துக்குத்தான். இனிமேல் மாணவர்கள் தவளையே அறுக்க வேண்டாம், கம்ப்யூட்டரில் மவுஸால் அறுத்துப் படித்தால் போதும் என்று ஒரு சி.டி. தயாரித்துக்கொண்டிருந்தோம். அதற்காக ஒரே ஒரு தவளையை, கடைசித் தவளையாக, கேமரா முன்னால் அறுக்க வேண்டும். தவளைகளைக் காப்பாற்றத் தவளை பலி! இந்த ஐடியாவைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கமிட்டி என்றால் அப்படித்தான்.

நான் வேலை பார்ப்பது எங்கே என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு: புதுவாயலுக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே ஒரு பல்கலைக்கழகம். அதன் கேன்டீனை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை. அதற்குப் பெயர் மல்டிமீடியா ஸ்டூடியோ. பேராசிரியர் உருக்கமாக ‘இதயம்’ என்று சொல்லும்போது ஹைவேயில் லாரி ஹாரன் அடிக்கும். மறுபடி எடுப்போம். கரன்ட் போகும்.

நான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். கேமரா ஏழுமலை - மீஞ்சூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். படம் வரைந்து அனிமேஷன் செய்வது ஷமீமா - பழவேற்காட்டில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. மூன்று பேருமே தற்காலிகம். அடுத்த வெள்ளிக்கிழமை துணைவேந்தர் வந்து சி.டி.யைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால்? தேர்வுத்துறை ஏற்கெனவே எங்கள் அறையின் மேல் கண் வைத்திருந்தது... விடைத்தாள் அடுக்க!

தவளை வந்தது. பச்சை, கொழுகொழுவென்று. முதல் ஷாட்டில் உயிரோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் பச்சைத் துணி. அந்தப் பச்சையை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் குளத்தைப் போட்டுக்கொள்வது எங்கள் தொழில் ரகசியம். ஏழுமலை மாப்பிள்ளையைப் படமெடுக்கும் அதே பாசத்தோடு குனிந்தார்.

“நைனா, இப்டிப் பாரு. அப்டித்தான். சிரி நைனா...”

ஷமீமா பச்சையை எடுத்தாள். குளம் வந்தது. தவளை போய்விட்டது.

“இன்னா சார் இது? கண்ணு மட்டும் கீது, ஆளக் காணோம்!” என்று அலறினார் ஏழுமலை.

துணியோடு சேர்த்துத் தவளையையும் கம்ப்யூட்டர் துடைத்துவிட்டிருந்தது. குளத்தின் மேல் இரண்டு கண்கள் மட்டும் மிதந்தன. வாப்பா கடையிலிருந்து நீலத் துணி கொண்டுவருவதாகச் சொன்னாள் ஷமீமா. நடுவில் சனி, ஞாயிறு. தவளை எங்கள் பிளாஸ்டிக் பக்கெட்டில் குடியேறியது.

அங்கேதான் தப்பு நடந்தது. திங்கட்கிழமை வந்ததும் ஷமீமா கேட்டாள்: “நைனா சாப்பிட்டாரா?”

சாப்பிட்டாரா! மரியாதை வேறு. ஏழுமலை கேன்டீன் பின்பக்கம் போய் ஈ பிடித்துக்கொண்டு வந்தார். நான்? வெயில் படுகிறது என்று பக்கெட்டை நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான்.

விலங்கியல் துறைத் தலைவர் விசாலாட்சி மேடம் கத்தி, ஊசி, மெழுகுத் தட்டு, குளோரோஃபார்ம் சகிதம் வந்தார். கண்டிப்பானவர். சர்வீஸ் முழுக்கத் தவளை அறுத்தே பேர் வாங்கியவர். நீலத் துணி விரித்தோம். மேடம் குளோரோஃபார்ம் ஜாடியின் மூடியைத் திறந்தார்.

“மேடம், ஒரு நிமிசம். லைட்டு பேஜாரு பண்ணுது” என்றார் ஏழுமலை.

மூடினார். திறந்தார்.

“மைக் ஆன்ல இல்ல மேடம்” - இது ஷமீமா.

மூடினார். திறந்தார். ஸ்கிரிப்டில் ஒரு வரி இடிக்கிறது என்றேன் நான்.

“என்னய்யா, மூணு பேரும் சேர்ந்து நாடகம் போடறீங்களா?” என்று சீறிய மேடம், பக்கெட்டில் கையை விட்டுத் தவளையைத் தூக்கினார். அது அவரைப் பார்த்தது. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மேடம் அப்படியே நின்றார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“லேப்ல அட்டெண்டர் முன்னாடியே மயக்கி, மல்லாக்கப் படுக்கவச்சு ஊசி குத்தி வச்சிடுவார்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “நான் வயித்தைத்தான் பார்ப்பேன். மூஞ்சிய இப்பதான் பாக்கறேன்.”

தவளையைப் பக்கெட்டிலேயே விட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். “சரி, வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்ணப் போறோம்?”

துறையின் மியூசியத்தில், எவரோ எப்போதோ அறுத்து ஃபார்மலினில் போட்ட தவளை ஒன்று ஜாடியில் இருந்தது. அதைப் பார்த்து ராப்பகலாக வரைந்தாள் ஷமீமா. ஒரே சிக்கல் - ஊறிப்போன அப்பளம் மாதிரி எல்லா உறுப்பும் ஒரே வெள்ளை.

“ஈரல் என்ன கலர் மேடம்?”

“சிவப்பு.”

“எந்த மாதிரி சிவப்பு?”

மேடம் யோசித்தார். “ஈரல் மாதிரி சிவப்பு.”

ஏழுமலை கேமராவைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டைக் கோழிக்கடைக்குப் போனார். “இன்னா சேனல் சார்?” என்று கடைக்காரர் தலையை வாரிக்கொண்டாராம். ஈரல், இதயம் எல்லாம் க்ளோஸப்பில் எடுத்தாகிவிட்டது. எடுத்ததை வீணாக்குவானேன்? வாங்கிவந்து, கேன்டீனில் மிளகு போட்டு வறுத்துக் கொடுக்கச் சொன்னோம். மேடத்துக்கும் ஒரு தட்டு. அந்தக் கோழியின் முகத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. நம் கருணையெல்லாம் அறிமுகமானவர்களுக்கு மட்டும்தான் என்று சாப்பிட்டு முடித்த பிறகு எனக்குத் தோன்றியது. முடித்த பிறகுதான்!

வெள்ளிக்கிழமை. துணைவேந்தர் வந்தார். தானே மவுஸைப் பிடித்தார். தவளையின் வயிற்றில் ஏடாகூடமாக ஒரு இழுப்பு.

“தவறு. மீண்டும் முயற்சி செய்க” என்றது கம்ப்யூட்டர், ஷமீமாவின் குரலில். ஷமீமா என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மறுபடி இழுத்தார். “தவறு.” விடைத்தாள் கட்டுகள் உள்ளே வருவது என் கண் முன்னால் தெரிந்தது.

மூன்றாவது முறை வயிறு திறந்தது. துணைவேந்தர் சின்னப் பையனைப் போலக் கைதட்டினார். “அடடே, ஈரல் ரொம்ப நேச்சுரலா இருக்கே!”

மேடம் சீலிங்கைப் பார்த்தார்.

எங்களுக்கு இன்னொரு வருடம் நீட்டிப்பு. தேர்வுத்துறை வேறு அறை தேடுகிறது. அன்று சாயங்காலமே ஏழுமலை பக்கெட்டை ஏரிக்கரையில் கவிழ்த்தார். “போய்க்கினே இரு நைனா!” அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷமீமாவுக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது அடுத்த சி.டி. கரப்பான்பூச்சி. நேற்று பெட்டியில் வந்து சேர்ந்தது. இந்த முறை யார் கொல்வது என்ற பிரச்னையே எழவில்லை... பெட்டியிலிருந்து அது தப்பித்து ஓட, மேடம் வருவதற்குள் ஷமீமா செருப்பால் அடித்துவிட்டாள்.