வாசலில் வைத்த மஞ்சள் தண்ணீர்

ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னதற்காகப் பதினோரு மாதம் பயந்து கிடந்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மலேசியாவில் கூலாய் என்ற ஊரில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றின் மூலை வீட்டில் இருந்தோம். பக்கவாட்டில் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனை மரங்கள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் தங்கியிருந்தார். அவருக்குப் பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை. சொத்து என்று சொல்ல ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்.

"கேக்குறான், எப்படிக்கா இல்லன்னு சொல்றது?" என்பார் அம்மாவிடம்.

"வாயாலதான் சொல்லணும்" என்பார் அம்மா.

ஒரு சாயங்காலம் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். சீருடை இல்லாததால் போலீஸ் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தார். மாமா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் காட்டி, "மோட்டார் சியாப்பா நி?" என்றார். இது யாருடைய வண்டி என்று மலாயில் கேட்கிறார். பள்ளியில் மலாய்ப் பாட நேரத்தில் எழுந்து பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை. அன்று பார்த்து வந்தது. "பாக்சிக் சாயா பூஞா!" என் மாமாவுடையது என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, "பண்டாய்" என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். என் ஆசிரியர்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

அரை மணி நேரத்தில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. போதைப்பொருள். அது தன்னுடையது இல்லை, முதல் நாள் வண்டியை வாங்கிப் போனவன் வைத்ததாக இருக்கும் என்று மாமா சொன்னார். வாங்கிப் போனவனையோ ஊரிலேயே காணோம்.

அந்த மாதிரி வழக்குக்கு ஜாமீன் கிடையாதாம். மாமாவைச் சிறையில் வைத்துவிட்டு வழக்கைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். எனக்கு விஷயம் தெரியக்கூடாதாம். ஆனால் பள்ளி வேனில் ஆறாம் வகுப்பு அண்ணன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தெரியாத சட்டமே கிடையாது.

"ஒங்க மாமா கேஸா? தூக்குதான்லா" என்றான், ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி மாமாவுடையது என்று சொன்னது யார்? நான். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மாமாவைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னை என்ன செய்வாரோ. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில், "தீடாக் தாஹு, தீடாக் தாஹு" என்று சொல்லிப் பழகினேன். தெரியாது, தெரியாது. இப்போது அது தடங்கல் இல்லாமல் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

வழக்கு முடிகிற நாளும் வந்தது. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் ஜொகூர் பாருவில் இருக்கும் நீதிமன்றத்துக்குக் கிளம்பினார்கள். அம்மா சாமி விளக்கின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "வேன விட்டு எறங்குனதும் பக்கத்து வீட்டு ஆண்டிகிட்ட போய் இரு" என்றார். 

மத்தியானம் வேனை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில், கேட்டுக்கு வெளியே, பெரிய வாளி நிறையத் தண்ணீர். அதில் மஞ்சள் கரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு. ஆண்டி குனிந்து வாளியைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

அந்த வருடம் எதிர் வீட்டில் ஒருவர் இறந்திருந்தார். அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தவர்கள் வாசலில் இப்படித்தான் வாளி வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நானே பார்த்தேன்.

"ஆண்டி, இது எதுக்கு?"

"ஒங்கம்மா போன் பண்ணி வைக்கச் சொன்னாங்கடா கண்ணு" என்று சொல்லி, ஆண்டி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கத்தோலிக்கர். "வேற எதையும் ஏங்கிட்ட கேக்காத. அம்மா வந்து சொல்வாங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்கக்கூடாதாம்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆண்டி எனக்குச் சாப்பாடு எடுக்க உள்ளே போன நேரம், புத்தகப் பையோடு கால்வாயின் பலகையைத் தாண்டி ஓடி, செம்பனை மட்டைகள் குவித்திருந்த இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.  அழுகை வரவில்லை. ஆண்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் மூச்சு விடவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, அப்பாவின் கார் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்து மூடியது. அப்பா. இன்னொரு கதவு. அம்மா. பிறகு மூன்றாவதாக ஒரு கதவு.

மாமா உயிரோடு வந்திருப்பார் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மாமாவைப் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கைகளையும் மீறி ஒரு கத்தல் கேட்டது.

"ஐயோ அக்கா! மெதுவா ஊத்துக்கா, குளிருது! உள்ள இருந்தப்பகூட எனக்கு இந்தக் கொடும நடக்கலலா!"

"வாய மூடிட்டு நில்லு. அங்க ஒட்டுன பீடையெல்லாம் தெருவோட போகட்டும்" என்றார் அம்மா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்த குரல்.

செத்தவர்கள் குளிருது என்று சொல்ல மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். எழுந்து பார்த்தேன். மாமா மொட்டைத் தலையோடு, பாதி உடம்பாக இளைத்து, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் கேட்டு அவர்தான் முதலில் திரும்பினார். துண்டைச் சுற்றிக்கொண்டு, பலகையைத் தாண்டி, என் முன்னால் வந்து குந்தினார்.

"என்ன மருமவனே, மாமாவப் பாக்கப் பிடிக்கலையா?"

"நான்தான் சொன்னேன்" என்றேன், தேம்பிக்கொண்டே. "அன்னைக்கு அவங்ககிட்ட. மோட்டார் ஒங்களுதுன்னு. நான்தான்."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் தலையைத் தன் ஈர நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அடப்பாவி. இத வச்சிக்கிட்டா இத்தன நாளு இருந்த? வண்டிப் புத்தகத்துலயே என் பேருதான்டா இருக்கு. ஒன்னக் கேட்டா அவங்க தெரிஞ்சிக்கணும்?"

பதினோரு மாதப் பயம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான் அவ்வளவு முக்கியமான சாட்சி இல்லையாம்.

சாப்பிடும்போது அப்பா நீதிமன்றத்தில் நடந்ததைச் சொன்னார். வழக்கை இப்போதைக்கு நடத்தப் போவதில்லை என்று அரசாங்கத் தரப்பு சொல்லிவிட்டதாம். அதனால் நீதிபதி மாமாவை விட்டுவிட்டாராம். ஆனால் குற்றம் செய்யாதவர் என்று தீர்ப்புச் சொல்லவில்லையாம். வேண்டுமென்றால் மறுபடியும் அதே வழக்கைப் போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னாராம். அம்மா குழம்பு ஊற்றுவதை நிறுத்தினார். மாமா தட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் ஒருவன்தான் கோழித் துண்டு தேடிக்கொண்டிருந்தேன். விட்டாயிற்று, மாமா வீட்டில் இருக்கிறார், இதற்குமேல் என்ன?

மாமா மறுபடி வேலைக்குப் போனார். மோட்டார் சைக்கிள் திரும்பி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைலி கட்டிக்கொள்வார். அன்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனதும் அப்படியே, கைலியும் வெறும் உடம்புமாகத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கும்போதுகூட நீளக் கால்சட்டை, பொத்தான் போட்ட சட்டை, சட்டைப் பையில் அடையாள அட்டை. வெளியே ஏதாவது கார் நின்றால், கண்ணைத் திறக்காமலேயே சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

"எங்க மாமா டிப் டாப்பா தூங்குவாரு, கல்யாண மாப்ள மாதிரி" என்று வேனில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.