ராத்து எழும்போது யாரும் உட்காரக் கூடாது

வனுவா லேவு தீவின் அந்தச் சிறிய மருத்துவமனையில் லிட்டியானாவைத் தலைமை மருத்துவர் பதினான்கு ஆண்டுகளாக "மசாஜ் அம்மா" என்றுதான் கூப்பிட்டார். பக்கவாதம் வந்தவர்களுக்கான பிசியோதெரபிஸ்ட் அவள். "மசாஜ் வேணும்னா சந்தைக்குப் போங்க, டாக்டர்" என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள். அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை.

வார்டிலும் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. புருஷனுக்கு மீன் ஊட்டும் மனைவியின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி அவனிடமே கொடுத்துவிடுவாள். "இன்னொரு கை இருக்கே, தின்னட்டும்."

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ராத்து அபெனிசா வந்து சேர்ந்தார். லிட்டியானாவின் அப்பாவுடைய ஊரின் தலைவர்; ராத்து என்பது தலைவருக்கான பட்டம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அவருடைய தங்கை லாய்ட்டே கட்டிலடியில் பாய் போட்டுக் கிடந்தாள். ராத்துவின் கழுத்தைத் தொடுமுன் லிட்டியானா குனிந்து, ஊர் வழக்கப்படி மெல்லக் கைதட்டி அனுமதி கேட்டாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அதன்பிறகு மற்ற நோயாளிகளின் கழுத்தைப் பிடிப்பதுபோலவே அதைப் பிடித்தாள்.

எட்டாம் நாள் அவரை நிற்க வைத்தாள். இடப்பக்கம் எலிகி, முதுகுக்குப் பின்னால் ஜொசாயா. இருவரும் ராத்துவின் மருமகன்கள், ரக்பி ஆடிய உடம்பு. அவருடைய வலது முழங்காலைத் தன் முழங்கால்களால் அணைத்தபடி லிட்டியானா எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, எழுங்க."

ராத்து எழுந்தார். தலைவர் எழுந்ததைக் கண்டதும் மருமகன்கள் இருவரும் சட்டென்று தரையில் உட்கார்ந்து தலை குனிந்துகொண்டார்கள். தலைவர் தலைக்கு மேல் யார் தலையும் உயரக் கூடாது; பிறந்ததிலிருந்து செய்து வந்தது. பிடிக்க ஆளில்லாமல் ராத்து இடப்பக்கம் சாய்ந்து விழுந்தார்.

எலும்பு முறியவில்லை. முழங்கைத் தோல் உரிந்தது.

"போதும் இந்த விளையாட்டு. நாளைக்கு ஸ்ட்ரெச்சர்ல வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார் மருத்துவர்.

"அவர் கால் அவரை விழ வைக்கல, டாக்டர். பிடிச்சவங்க உட்கார்ந்துட்டாங்க."

"எதனால விழுந்தா என்ன?"

"காலுன்னா நானே அனுப்பச் சொல்வேன். இது மரியாதை. சரி பண்ணிடலாம். சாகிற வரைக்கும் பாயில கிடக்கப் போறது நீங்க இல்லையே."

கேஸ் ஷீட்டை இழுத்து அவர் கண்ணெதிரே எழுதினாள்: 'இவரால் நிற்க முடியும். படுத்த நிலையில் அனுப்புவதை நான் ஏற்கவில்லை.' கீழே முழுப் பெயர்.

"அதைக் கிழிங்க."

"நீங்க கிழிங்க. நான் மறுபடி எழுதறேன்."

"இன்னொரு தடவை விழுந்தார்னா உங்க வேலை போயிடும்."

"போகட்டும். நாளைக் காலை வரைக்கும் இருக்குல்ல?"

கட்டிலருகே லாய்ட்டே காத்திருந்தாள். "எங்க அண்ணன் முன்னாடி இவங்க எப்படி நிமிர்ந்து நிப்பாங்க? உங்கப்பா கேட்டா என்ன சொல்வார்?"

"கத்துவார். கத்தட்டும். நீங்க காட்டின மரியாதையிலதான் முழங்கைத் தோல் உரிஞ்சுது."

எலிகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதடா. காளை மாதிரி உடம்பை வச்சுக்கிட்டு பொத்துன்னு உட்கார்ந்தியே!"

அவள் ராத்துவின் முன் குனிந்து கைதட்டினாள். "ராத்து, இவங்க குனிஞ்சா நீங்க படுத்தே கிடக்கணும். இவங்க நிமிர்ந்தா நீங்க நடக்கலாம். நீங்க சொல்லாம இவங்க நிமிர மாட்டாங்க."

அவர் வாய் கோணியது. எச்சில் வழிந்தது. துடைக்கப் போன லாய்ட்டேயின் கையை லிட்டியானா பிடித்துக்கொண்டாள். ராத்து மருமகன்களைப் பார்த்தார்.

"நி... மி... ரு."

மறுநாள் காலை எலிகி நிமிர்ந்துதான் நின்றான். ஆனால் ராத்துவின் உச்சந்தலையைப் பார்க்க அஞ்சிக் கண்ணை இறுக மூடியிருந்தான்.

"கண்ணைத் திறடா. அவர் தலை உன்னைக் கடிக்காது."

லாய்ட்டே வாயைப் பொத்திக்கொண்டாள். ராத்துவின் தொண்டையில் ஒரு சத்தம். சிரிப்புதான். வலது கால் ஒரு சாண் நகர்ந்தது. இடது கால். மறுபடி வலது.

அனுப்பும் தாளோடு மருத்துவர் வாசலில் நின்றார். "லிட்டியானா, இங்க ஒரு கையெழுத்து."

அவள் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் கவனிக்கவில்லை.

"வழியை விடுங்க, டாக்டர். ராத்து வர்றார்."