நீலமாக வந்த திங்கட்கிழமை

அப்பாவின் மூத்திரத்தைச் சோதிப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஏழாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்பில் ஒழுங்காகக் கற்றதும் அது ஒன்றுதான். கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைப்பேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. மருந்து விலை அதிகம் என்பதால் திங்கட்கிழமை மட்டும்தான் சோதனை.

அப்பா தாம்பரத்தில் பேக்கரிச் சரக்கு எடுத்து, தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாடம்பாக்கம், ஊரப்பாக்கம் என்று பன் விற்பவர். அவர் கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரல் போனால் பெடலை எப்படி மிதிப்பது? அதனால் வீட்டில் அவருக்குச் சோறு நின்றது. இரண்டு வேளையும் கேழ்வரகுக் களி. மூன்று வாரத்தில் குழாய் பச்சைக்கு இறங்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பெட்டியில் பாதி அப்படியே இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்தும்போதே அப்பா என் காதில் சொன்னார்: “தேங்கா பன்னு ஒண்ணு துன்ட்டேன்டா. அம்மாகிட்ட சொல்லாத.”

மறுநாள் மீந்ததிலிருந்தும் எடுத்துத் தின்றார்.

“இன்னாப்பா இது?” என்றேன்.

“ஒண்ணு துன்னாலும் செவப்பு, ஆறு துன்னாலும் செவப்பு. அதான் போச்சே, நீயும் ஒண்ணு எடு.”

எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா வைத்திருந்த சீசாவைக் கொல்லையில் கொட்டிக் கழுவிவிட்டு, என்னுடையதைப் பிடித்தேன். குழாய் கொதித்தது, நீலம் அசையவே இல்லை.

“இன்னாய்யா, பச்சகூட இல்ல, நீலமாவே கீது!” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மூணு வாரமா வாயக் கட்டிக்கினு கீற. இன்னிக்கு ஒரு புடி சோறு துன்னு.”

அப்பா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணடித்தேன்.

மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆவி பறக்க வந்தன. அப்பா தட்டின் விளிம்பில் கையை வைத்தார். பிறகு தட்டைத் தள்ளினார். “வேணாம்மே. களியே போடு.”

செவ்வாய்க்கிழமை ஸ்பிரிட் வாசனையில்தான் விழித்தேன். சோதனையை அப்பாவே முடித்திருந்தார். குழாயைத் துணியால் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். அசல் செங்கல் நிறம்.

“இதாம்மே என்னுது. நேத்து பாத்தது புள்ளையோடது. ரெண்டு நாளா பன்னு துன்னுக்கினு இருந்தேன்.”

அம்மா குழாயைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கரண்டி பறக்கப் போகிறது என்று நான் கதவோரம் ஒதுங்கினேன்.

“உக்காரு,” என்றாள் அம்மா. “களி ஆறுது.”

அவர் உட்கார்ந்து, உருண்டையைப் பிட்டு விழுங்கிவிட்டு, நொண்டிக்கொண்டே சைக்கிளை எடுத்துப் போனார். விரல் பிழைக்க அதன் பிறகும் பல மாதம் ஆனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன். நான் காப்பாற்றி வைத்த மனிதர் அவராகவே போய் மாட்டிக்கொண்டாரே என்று ஒரே கோபம். நீலம் கையில் இருக்கும்போது எதற்காக ஒருவர் சிவப்பை ஏந்திக்கொண்டு போய் நிற்க வேண்டும்? வண்டலூர் வந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.