பன்னிரண்டாம் நம்பர் பனியன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொன்விழாவுக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

விழா எங்கள் ஊர் கால்பந்துக் கழகத்துக்கு. மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். மாதா கோயில் வளாகத்தில் பந்தல், மைக் செட், பிளாஸ்டிக் நாற்காலி, பொன்னாடை... எல்லாம் முறைப்படி. விழா மலரில் கழக வரலாற்றை எழுதியவன் என்பதால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

அந்தக் கழகத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல இடம் அது. ஆடிய காலத்தில் நான் உட்கார்ந்திருந்தது வரப்பில்.

ஆடிய காலம் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். நான் உபரி ஆட்டக்காரன். யாருக்காவது காலில் அடிபட்டால் இறங்க வேண்டியவன். மூன்று சீசன் பன்னிரண்டாம் நம்பர் பனியனைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கும் அடிபடக் கூடாது என்று ஜெபம் செய்தேன். என் பக்தியை ஊர் தப்பாகப் புரிந்துகொண்டது.

கழக வரலாறு பெரியதில்லை. பங்குச் சாமியார் ஒருவர் ஒரு பந்தும் ஒரு விசிலும் கொண்டுவந்தார். விதிப்புத்தகம் கொண்டுவரவில்லை. ஆஃப்சைடு என்று ஒன்று இருப்பதே, வெளியூர் அணி வந்து சண்டை போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மைதானம் கிடையாது. இரண்டாம் போகம் அறுத்த வயலில் ஆடுவோம். பூட்ஸும் கிடையாது. நெல்லின் அடித்தாள் உள்ளங்காலில் குத்தும். அதனால் ஒருவரும் ஓரிடத்தில் நிற்க மாட்டோம். பார்த்தவர்கள் அதை வேகம் என்றார்கள்.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் சீசன் முடிந்தது. அன்றைக்கே கோல் கம்பத்தைப் பிடுங்கிவிடுவோம்.

ஒரு வருடம் மட்டும் பிடுங்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. டோர்னமென்ட் பைனல். மாதா திருவிழாவுக்காக ஒரு வாரம் தள்ளினோம். சிறப்பு விருந்தினருக்காக இன்னொரு வாரம். அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் திறந்த பிறகு நெல்வயலில் பைனல் வைக்க எந்த ஊருக்காவது தோன்றுமா? எங்களுக்குத் தோன்றியது. சவரிமுத்து அண்ணன் இருக்கிறார் என்ற தைரியம்தான்.

அவர் ஊரின் மடைக்காரர். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு, எவ்வளவு நேரம் என்று முறைவைத்துத் திருப்பிவிடுகிற வேலை. அறுவடைக்கு அறுவடை நெல்லாகக் கூலி. கேப்டன் போய்க் கெஞ்சியதும், மைதான வயலின் மடை வாயில் மண் சாக்கைத் திணித்து, களிமண் அப்பி, ஏறி நின்று மிதித்து அடைத்தார்.

"ஆடுங்கப்பா. இங்கன ஒரு சொட்டு வராது."

அன்றைய தண்ணீர் கடைமடை வயல்களுக்கு. அவர்கள் நாற்றங்காலைத் தயார் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

எதிரணி லோயர் கேம்ப். அத்தனை பேர் காலிலும் பூட்ஸ். இடைவேளை முடிந்து பத்து நிமிடம். நாங்கள் இரண்டு கோல் பின்னால். எங்கள் லெஃப்ட் பேக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடினார்கள். கேப்டன் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, வேடிக்க பாத்தது போதும். எறங்கு."

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேண்ணே."

வாய்க்கால் கரைக்குப் போனேன். அங்கே மடை இருந்தது. களிமண்ணுக்கு வெளியே சாக்கின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பிடுங்கிவிட்டேன்.

அணியைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள். அந்த பூட்ஸிலிருந்து என்னைக் காப்பாற்ற.

நான் கரையிலேயே பதுங்கியிருந்த கால் மணி நேரத்தில் தெற்கு கோலில் கணுக்கால் அளவு தண்ணீர். பந்து மிதந்தது. லோயர் கேம்ப்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள் — அவர்கள் ஊர் வழியாக வந்த தண்ணீரே அவர்களைத் தோற்கடித்தது. ரெஃபரி விசில் ஊதி இரண்டு அணியும் வெற்றி என்று அறிவித்தார். ஷீல்டு எங்களிடம் ஆறு மாதம், அவர்களிடம் ஆறு மாதம். அவர்கள் வாங்கிப்போக வரவே இல்லை.

ஐம்பது வருடத்தில் கழகத்துக்குக் கிடைத்த ஒரே ஷீல்டு அது.

மறுநாள் கடைமடைக்காரர்கள் தங்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டுத் திரண்டு வந்தார்கள். சவரிமுத்து அண்ணன் மாதா மேல் சத்தியம் செய்தார். மேல்வாய்க்காலில் கரை உடைந்த இடத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பாதி ஊர், கழகத்துக்காக அவரே திறந்துவிட்டார் என்றது. மீதி ஊர், அவர் அடைத்த அடைப்பு சரியில்லை என்றது. எதுவாக இருந்தால் என்ன, வேலை போய்விட்டது. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனார்.

நான் கல்லூரிக்குப் போனேன்.

பல வருடம் கழித்து அவர் திரும்பியபோது ஊர் ஒரு பட்டப்பெயரோடு காத்திருந்தது. பன்னெண்டாவது பிளேயர். சுருக்கமாக, பன்னெண்டு. பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். பிரியமாகக் கூப்பிடுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

இரண்டு மாதம் முன்பு, வரலாறு எழுதத் தகவல் கேட்டு ஊருக்குப் போனேன். டீக்கடையில் சொன்னார்கள்: "பன்னெண்டப் போயிப் பாருங்க. நமக்கு கப்பு வாங்கிக் குடுத்ததே அவுகதான."

போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்வை அநேகமாகப் போய்விட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார்.

"வாங்க தம்பி. பொஸ்தகம் போடுறீகளாம்ல."

"ஆமாண்ணே. மலர்."

"எனக்கு அதுல ஒரே ஒரு வரி வேணும். சவரிமுத்து மடையத் தெறக்கலன்னு."

காபி வந்தது. குடித்தேன்.

"யாரு தெறந்ததுன்னு போடுறதுண்ணே?"

"அது எனக்கெதுக்கு? எவனோ வெளையாட்டுப் பய தெறந்துட்டான். நான் இல்லன்னு போட்டாப் போதும்." நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வேணும்னே தெறந்தேன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன் தம்பி. அடைப்பு சரியில்லன்னு சொன்னாக பாருங்க... எங்க அய்யா காலத்துல இருந்து மடை அடைக்கிறோம். எங்க அடைப்பு தானா ஒடையுமா?"

"ஒடையாதுண்ணே."

"நீங்க சொல்றீக. ஊரு சொல்லலையே."

எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. காபி ஆறுகிறது என்று மறுபடியும் டம்ளரை எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் வரியை எழுதினேன். 'மடையைத் திறந்தவர் சவரிமுத்து அல்லர்.' திறந்தவன் பெயர் இல்லாத, மரியாதையான வாக்கியம். கோழைகளுக்கு இலக்கணம் நன்றாக வரும்.

ஒரு வாரத்தில் கழகச் செயலாளர் அருளப்பன் போன் செய்தார்.

"அண்ணே, அவுக இல்லன்னா வேற யாருன்னு கேப்பாகள்ல. அன்னைக்கு ஆடுனவுக பாதிப் பேரு செத்துட்டாக. அவுக வீட்டாளுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சரிதான்..."

"அதோட, யாரோ ஏமாத்தித் தெறந்ததுன்னு ஆயிட்டா ஷீல்டு என்னத்துக்குண்ணே? இருக்குறதே அது ஒண்ணுதான்."

நியாயமான கேள்வி. இரண்டுக்கும் பதில் என்னிடம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்துச் செய்ங்க அருளப்பன்."

பார்த்துச் செய்துவிட்டார். மலரில் அந்த வரி இல்லை. அதன் இடத்தில், 'இயற்கை அன்னையின் கருணையாலும் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் சவரிமுத்துவின் ஊர்ப்பற்றாலும்' என்று இருந்தது. கீழே என் பெயர்.

இனி விழா.

மைக்கில் கூப்பிட்டார்கள்: "நமக்குக் கோப்பை பெற்றுத் தந்த பன்னிரண்டாவது பிளேயர், அய்யா சவரிமுத்து அவர்கள்!" அவருடைய மகள் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். ஷீல்டை அவர் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். பந்தலே கைதட்டியது. அவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். முன்வரிசையில் இருப்பவன் கைதட்டாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? நானும் தட்டினேன்.

இறங்கி வரும்போது மகள் அவரை என் முன்னால் நிறுத்தினார். அவர் கையில் மலர் இருந்தது. அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அந்த வரி இதுல வந்துருச்சா?"

சுற்றிலும் ஆட்கள். பக்கத்தில் அருளப்பன். எதிரே ஒரு கேமரா.

"வந்துருச்சுண்ணே."

"அது போதும். அதுக்குத்தான் இவுக பன்னெண்டு பன்னெண்டுன்னு கூப்புட்டும் மேடையேறுனேன். வீட்டுல போயி மக படிச்சுச் சொல்லும்."

மலரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். பொன்னாடை ஒரு பக்கம் நழுவித் தரையில் இழுபட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் படித்துக் காட்டியிருப்பார். தேடியிருப்பார். மறுபடியும் முதலிலிருந்து தேடியிருப்பார். போன் வரும் என்று இந்த வாரம் முழுக்க எதிர்பார்த்தேன். வரவில்லை. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேட்ச் அன்று களத்தில் இறங்கப் பயந்தேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன், ஒரு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்லப் பயம். நடுவில் ஒரு அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். அது ஒன்றும் செய்யவில்லை. பயந்தவன் படித்தால் படித்த பயந்தவன் ஆகிறான். அவ்வளவுதான் முன்னேற்றம்.

ஷீல்டை லோயர் கேம்ப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைக் கழகம் முடிவு செய்துகொள்ளட்டும். என் போட்டோவை மலரிலிருந்து கிழித்துவிட்டாலும் சரி.

எங்கள் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. அடுத்த வாரத்துக்குள் நானே நேரில் போவேன் — போவேன் என்று நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே இந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு வாசித்துவிடுங்கள்.

சவரிமுத்து அண்ணே, பன்னிரண்டாம் நம்பர் பனியன் என்னுடையது. மடையைத் திறந்தது நான். உங்கள் அடைப்பில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சாக்கைப் பிடுங்க எனக்கு இரண்டு கையும் ஒரு காலும் வேண்டியிருந்தது.