வலது கண்ணாடியில் நின்றவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்கள் பிழைக்க வேண்டும். தோட்டத்து அம்பியூலன்ஸ் டிரைவர் ஜெயகாந்தன் குடிக்காதவன். பேய்க்கதை பேசுகிறவர்களைக் கண்டால் சிரிக்கிறவன். அவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

போன ஜூலையில்தான் அவன் அங்கே வேலைக்கு வந்தான். வண்டிக்கு உதவியாள் கிடையாது. கேட்டபோது, "ஒரு வண்டிக்கு ரெண்டு பேரா?" என்றார்கள் ஆபீசில். அதே ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பின்னால் ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. கண்ணாடியில் ஆள் மறைந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது வாரம். மாலை 4.50க்கு போன் வந்தது. மேல் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் கோசலாவுக்குப் பிரசவ வலி.

அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. முச்சந்தியிலிருந்து நூறு மீட்டர் ரிவர்சிலேயே ஏற வேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மழை வேறு. பனிமூட்டம் வேறு.

ஹார்ன் அடித்தான். யாரும் வரவில்லை. கோசலாவின் புருஷன் அழகுமுத்துவுக்குப் போன் போட்டான்.

"பின்னால நிக்க ஒரு ஆள அனுப்புங்கண்ணே."

"எல்லாரும் கொழுந்து நிறுக்கப் போயிட்டாங்க தம்பி. இவள விட்டுட்டு நான் எப்படி வாறது? சீக்கிரம் வாங்க!"

அவன் பேச்சுக்குப் பின்னால் அவள் அலறுவது கேட்டது.

5.21. ரிவர்ஸ் போட்டான். பீப்... பீப்...

வலது கண்ணாடியில் ஒருவர் நின்றார். மஞ்சள் மழைக்கோட்டு. வரலாம், வரலாம் என்று கையசைத்தார்.

அப்பாடா! யாரையோ அனுப்பிவிட்டார்கள்.

வண்டி பின்னால் போகப் போக அவரும் பின்னாலேயே நடந்தார். ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நகர்ந்தாலும் அதே பத்தடித் தூரம். மழை கொட்டுகிறது... அந்தக் கோட்டில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை.

பீப்... பீப்...

டொக். டொக்.

பின்கதவில் தட்டல். இரண்டு தட்டு தட்டினால் வரலாம் என்று அர்த்தம். எல்லா டிரைவருக்கும் தெரியும்.

ஆனால் அவர் பத்தடி தள்ளியல்லவா நிற்கிறார்?

அப்படியென்றால் யார் தட்டுவது?

டொக். டொக்.

பனி மூடியது. கண்ணாடியில் அவர் இல்லை.

டொக் டொக். டொக் டொக்.

பிரேக்கை மிதித்தான்.

5.26. வண்டி நின்றது.

தட்டல் நிற்கவில்லை...

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பின்னால் ஓடினான். தட்டல் சட்டென்று நின்றது. யாருமில்லை.

பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, பாதையில் பாதி இல்லை. மண் அப்போதுதான் சரிந்து பள்ளத்தில் உருண்டுகொண்டிருந்தது.

அவனும் அழகுமுத்துவுமாகக் கோசலாவை மேட்டோரமாகத் தூக்கி வந்து ஏற்றினார்கள். 7.40க்கு ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது.

"ஆள் அனுப்பினீங்களே, யாருண்ணே அது?"

"நான் யாரையும் அனுப்பலியே தம்பி..."

மறுநாள் ஆபீசில் விசாரணை. ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுத்தது குற்றமாம்.

"யாரு நின்னது? பேரச் சொல்லு," என்றார் அதிகாரி.

"மஞ்சக் கோட்டுப் போட்ட ஒருத்தருங்க."

அதிகாரி சிரித்தார். எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். டைப் செய்துகொண்டிருந்த சுதர்ஷினியின் விரல்கள் நின்றுவிட்டன.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவனின் பின்னாலேயே அவளும் வந்தாள்.

"அந்தக் கோட்டுல இடது கை கிழிஞ்சிருந்துச்சாண்ணே?"

கிழிந்துதான் இருந்தது.

"எங்கப்பா. இந்த வண்டிக்கு அவருதான் ஹெல்பர். செத்து நாலு வருசமாச்சு. ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்கதவுக்கும் சொவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. நிறுத்தச் சொல்லித் தட்டியிருக்காரு. டிரைவரு, வரச் சொல்லித் தட்டுறாருன்னு நெனச்சு இன்னும் பின்னால எடுத்துட்டாரு. அப்பா மேலதான் தப்புன்னு எழுதுனாங்க. அதோட ஹெல்பர் வேலையையே எடுத்துட்டாங்க."

ஜெயகாந்தன் மேட்டுப் பக்கம் கை காட்டினான்.

"மேல் லயத்துப் பாதையிலயா?"

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கீழ டிஸ்பென்சரி முத்தத்துல. பாதைக்கும் அப்பாவுக்கும் ஒண்ணுமில்லண்ணே. அவரு இருக்கிறது உங்க வண்டியில."