இரண்டாவது மிதி

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு. போன செவ்வாய்க்கிழமை நான் பிரித்தேன். இரண்டு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருந்தது அதைவிடப் பெரிய தப்பு என்பது பிரித்த பிறகுதான் தெரிந்தது.

பருத்திப்பட்டில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் எங்களுக்கு முன்பு குடியிருந்தவர் ஏகாம்பரம். சொந்தமாக ஒரு மினி பஸ் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர். வீடு மாறிப் போன பிறகும் தினமும் காலையில் எங்கள் கேட்டுக்கு வருவார். எங்கள் பிளாக்கிலிருந்து மட்டும் ஆறு பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறுகிறார்கள்.

அவர் பெயருக்கு பஸ் கம்பெனியிலிருந்து இரண்டு கவர்கள் வந்தன. புது வண்டி வாங்கச் சொல்லி ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று ஷூ ரேக் மேல் போட்டேன். தினமும் வருகிறவரிடம் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? அவர் வரும் நேரத்தில்தான் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டும் அவசரம். நாளைக்கு... நாளைக்கு... என்றே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது கவர் வந்தது — ரிஜிஸ்தர் தபாலில். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் மனசுக்கு என்னவோ போல் இருந்தது. பிரித்தேன். அந்த மாடல் வண்டிகளில் பிரேக் பாகம் ஒன்றில் தயாரிப்பிலேயே குறை. உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

காலை டிரிப் முடிந்தால் ஏகாம்பரம் ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்திருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மூன்று கவரையும் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“இது எனக்குத் தெரியும்மா. ஆறு மாசமாவே இப்டித்தான் கீது. மொத மிதிக்கு பெடல் உள்ள பூடும். உட்டு ரெண்டாவது மிதி மிதிச்சா புடிச்சிக்கும். பழகிடுச்சு.”

பழகிடுச்சு... இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் எதையெல்லாம் ஓட்டுகிறோம்! எங்கள் லிஃப்ட் கதவு ஒரு தட்டு தட்டினால்தான் மூடும். ஒரு வருடமாகத் தட்டுகிறோம். ரிப்பேர் செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வருகிற விருந்தாளிக்கு எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறோம்.

“நாளான்னிக்கு சர்வீஸுக்கு உட்றேம்மா,” என்றார். “நாளைக்கு திருத்தணில மச்சான் கொயந்தைக்கு மொட்டை. நான் இருக்க மாட்டேன். ஆக்டிங் டிரைவர்தான் வருவாரு.”

அவசரமாகக் கேட்டேன்.

“ரெண்டு தடவை மிதிக்கணும்னு அவருக்குத் தெரியுமா?”

ஏகாம்பரம் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்துநாலு பிள்ளைகள் ஏறி இறங்குகிற படி அது.

“போன மாசம் நான் காச்சல்ல படுத்தப்போ, ரெண்டு நாள் அவர்தாம்மா ஓட்னாரு,” என்றார். “அப்பவும் சொல்லல. நான் ரெண்டு வாட்டி மிதிக்கிறேன்றதே எனக்கு நெனப்புல இல்லம்மா.”

கோபத்தில் திட்டிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் போன மாதம் அந்தக் கவர்கள் யார் வீட்டில் கிடந்தன?

அதற்குப் பிறகு எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. அவர் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து சாயந்திரத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யச் சொன்னார். ஆக்டிங் டிரைவரை வர வேண்டாம் என்றார். ஓட்டிக்கொண்டு வராதீர்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அரை மணி நேர வேலைக்குத்தான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் அந்த இரண்டு நாளும் இருபத்துநாலு பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

அதற்கு அவரும் காரணமில்லை, நானும் காரணமில்லை.