மாடி டியூஷன்

எட்டாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் என் மகள் கோட்டை விட்டதும், திண்டிவனத்தில் பேர்போன டியூஷன் சாரிடம் அவளை அழைத்துப் போனேன். கேட்டுக்கு மேலே பேனர். அதில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் சின்னதாக, நடுவில் பெரிதாக அவர்.

மகளிடம் ஒரு கணக்கு கேட்டார். அவள் விழித்தாள்.

“கணக்கு வராத பிள்ளைங்கள நான் சேர்த்துக்கறதில்லைங்க. என் ரிசல்ட்டு கெட்டுப்பூடும்.”

காய்ச்சல்காரர்கள் வரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி இருந்தது. “கணக்கு வந்தா உங்ககிட்ட எதுக்கு சார் கூட்டிக்கினு வர்றேன்?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டைவிரலால் மாடியைக் காட்டினார். “மேல எங்க வீட்டம்மா எடுக்கறாங்க. அங்க நல்லா கத்துக்கினு வரட்டும். அப்புறம் நான் சொல்லித்தர்றேன்.”

மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே அந்தம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டே பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். தப்பாகச் சொன்ன பிள்ளைக்கும் ஒரு கை கடலை கிடைத்தது. முழுப்பரீட்சையில் என் மகள்தான் வகுப்பிலேயே முதல். மறுவாரமே பேனரில் சாருக்குப் பக்கத்தில் அவள் படம்.

“இனிமே நீ கீழ வரலாம்மா” என்றார் சார், பெருந்தன்மையாக.

நானும் பூரித்துப்போய்த் தலையாட்டினேன். மகள் என் துப்பட்டாவை இழுத்துக் காதில் சொன்னாள்: “வேணாம்மா. சார் பொண்ணே மேலதான் படிக்குது.”